கிராம்பு மணம் குறையா, குணமா?

கோதுமை பியரைச் சுவைத்து மதிப்பிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஜெர்மனியின் பவேரிய வகைக் கோதுமை பியர் ஒன்றை முதன்முறையாகக் குடித்துப் பார்த்தேன். பாட்டிலைத் திறந்ததுமே பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் கலந்தாற்போல ஒரு மணம் வந்தது. சேர்மானப் பட்டியலில் தண்ணீர், கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), பார்லி மால்ட், ஹாப்ஸ் (கசப்பு தரும் கொடிப்பூ), ஈஸ்ட் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. பியரும் கலங்கலாக இருந்தது. அது கெட்டுப்போனதா, அல்லது வாசனைப் பொருள் எதையாவது சொல்லாமல் சேர்த்திருக்கிறார்களா?

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் முகர்ந்தது அந்தப் பியரின் உயிர்நாடியை. ‘வைஸ்பியர்’ என்றும், ஈஸ்ட் வடிகட்டப்படாமல் வரும்போது ‘ஹெஃபவைட்சன்’ என்றும் அழைக்கப்படும் இந்த வகையில் வாழைப்பழமும் கிராம்பும் இல்லாவிட்டால்தான் ஒரு நடுவர் புருவத்தை உயர்த்துவார்.

இரண்டு மணங்களையும் தருவது ஈஸ்ட்தான். ஆனால் இரண்டும் பிறக்கும் வழி வேறு. வாழைப்பழ மணத்துக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் என்னும் எஸ்டர், ஈஸ்ட் சர்க்கரையை உண்டு வளரும்போது உண்டாவது. பழுத்த வாழைப்பழத்தில் நாம் முகர்வதும் பெருமளவு இதே சேர்மத்தைத்தான். கிராம்பு மணம் தரும் 4-வினைல் குவாயகால் உருவாவதற்கு மட்டும் தானியத்திலிருந்து ஒரு மூலப்பொருள் வந்தாக வேண்டும். தானியத்தின் செல்சுவரில் கட்டுண்டு கிடக்கும் ஃபெரூலிக் அமிலம், மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது விடுபடுகிறது. வைஸ்பியர் ஈஸ்ட் அந்த அமிலத்தைக் கிராம்பு மணப் பொருளாக மாற்றுகிறது. இதனால்தான் கிராம்பு தூக்கலாக வேண்டும் என்று எண்ணுகிற பியர் தயாரிப்பாளர், ஊறலை ஏறத்தாழ 43 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிறிது நேரம் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகே மேலே ஏற்றுகிறார். நொதித்தலின் வெப்பமும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றும். 17 டிகிரியை ஒட்டி மெதுவாக நொதித்தால் பொதுவாகக் கிராம்பு மேலோங்கும். 22 டிகிரியைத் தாண்டினால் வாழைப்பழம் முந்திக்கொள்ளும். ஒரே ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு ஆலைகள் இரண்டு வெவ்வேறு பியர்களைத் தருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதே கிராம்பு மணம், குளிரில் வேறு வகை ஈஸ்ட்டால் நொதிக்கும் லாகர் பியரில் வந்தால், தொட்டிக்குள் வேண்டாத ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று பொருள். அதைக் கடுமையான குறையாகவே குறித்துவைப்பார்கள். ஒரே மூலக்கூறுதான், ஒரு குவளையில் குற்றம், மற்றொரு குவளையில் இலக்கணம். பியரைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கத்துக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘எனக்குப் பிடித்திருக்கிறதா’ என்ற கேள்விக்கு முன்னால், ‘இது என்னவாக இருக்க முயல்கிறது’ என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கலங்கலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மிதக்கும் ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும் சேர்ந்து தரும் மங்கல் அது, ஹெஃபவைட்சனுக்கு இயல்பானது. வடிகட்டித் தெளியவைத்த வடிவம் ‘கிரிஸ்டால்வைட்சன்’ என்ற பெயரில் தனியே விற்கப்படுகிறது.

கேள்வி: கோதுமை பியரை ஊற்றுவதற்குத் தனி முறை உண்டு என்கிறார்கள். அது வெறும் சடங்குதானா? அடியில் தங்கும் வண்டலை ஊற்ற வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

பதில்: சடங்கு இல்லை, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் இருக்கிறது. வைஸ்பியரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 முதல் 9 கிராம் வரை கரியமில வாயு கரைந்திருக்கும். சாதாரண லாகரில் அது 5 கிராம் அளவில்தான் இருக்கும். போதாததற்குக் கோதுமைப் புரதம் நுரையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் குவளையில் சாதாரணமாக ஊற்றினால் பாதி பியர் மேசையில்தான் இருக்கும்.

அடியில் குறுகி மேலே அகன்ற, அரை லிட்டர் பியரும் அதற்கு மேல் நுரையும் கொள்ளக்கூடிய உயரமான குவளையை எடுத்து, உட்புறம் முழுவதும் படும்படி குளிர்ந்த நீரில் அலசிக்கொள்ளுங்கள். ஈரமான கண்ணாடியில் குமிழிகள் சீறிக் கிளம்பாது. குவளையை ஏறக்குறையக் கிடைமட்டமாகச் சாய்த்து, பாட்டிலின் வாயை விளிம்புக்கு அருகில் வைத்து, பியர் கண்ணாடிச் சுவரில் வழிந்தே இறங்கும்படி விடுங்கள். நிரம்ப நிரம்பக் குவளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குப் பியர் மிஞ்சும்போது நிறுத்துங்கள். இப்போது குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளிருப்பது மெல்லிய மங்கலோடு கூடிய வெளிர்மஞ்சளாகத்தான் தெரியும். பாட்டிலை வட்டமாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்பி, மிச்சத்தை நுரையின் நடுவே ஊற்றுங்கள். பழுப்பு கலந்த வெண்மேகம் ஒன்று நுரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி, குவளையின் குறுகிய அடிப்பகுதியைத் தொட்டுத் திரும்பி மேலெழுந்து பரவும். சில நொடிகளில் நிறமே மாறிவிடும். ஆண்டுகள் பல கடந்தும் அந்த மேகத்தைக் காண நான் குனிந்து பார்க்காமல் இருந்ததில்லை.

வண்டல் சேர்ந்தபின் பியரின் உடல் சற்றுக் கனக்கும். ரொட்டி மாவை நினைவூட்டும் மணம் கூடும். மதிப்பிடுவதற்காகக் குடிக்கிறீர்கள் என்றால், வண்டலைச் சேர்க்கும் முன் ஒரு மடக்கும் சேர்த்தபின் ஒரு மடக்கும் குடித்துப் பாருங்கள். ஈஸ்ட் எதைத் தருகிறது, தானியம் எதைத் தருகிறது என்ற வேறுபாட்டை எந்த விளக்கத்தையும்விட அந்த இரண்டு மடக்குகள் தெளிவாகக் காட்டும்.

வெப்பநிலை 7 முதல் 10 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயே குடித்தால் வாழைப்பழமும் தெரியாது, கிராம்பும் தெரியாது. குளிர்ச்சி மட்டுமே தெரியும்.

கேள்வி: எலுமிச்சைத் துண்டு போடலாமா?

பதில்: குடித்து மகிழ்வதற்கு என்றால் அது உங்கள் விருப்பம். மதிப்பிடுவதற்கு என்றால் கூடவே கூடாது. எலுமிச்சைத் தோலின் எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். அதன் மணமோ ஈஸ்ட்டின் மணத்தை மூடிவிடும்.

கேள்வி: மதிப்பிடும்போது எதை முதலில் கவனிப்பது? நான் எழுதிவைக்கும் குறிப்புகள் எல்லாம் ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமார்’ என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன.

பதில்: மூக்கிலிருந்து தொடங்குங்கள். ஊற்றி முடித்த முதல் நிமிடத்தில் வெளியேறிவிடும் மணங்கள் சில உண்டு. அவை திரும்பி வருவதில்லை. அதோடு, ஒரு மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி, அதைக் கவனிப்பதையே விட்டுவிடும். ஆகவே குறுகிய இரண்டு மூன்று முகர்தல்கள் போதும். உடனே குவளையை விலக்கி, தோன்றியதை எழுதிவிடுங்கள். மூக்கு சலித்துவிட்டதாகத் தோன்றினால் உங்கள் சட்டைக் கையை ஒரு முறை முகருங்கள். பழகிய அந்த மணம் மூக்கை மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவரும்.

உலகெங்கும் பியர் போட்டிகளில் பரவலாகக் கையாளப்படும் பிஜேசிபி என்னும் நடுவர் திட்டம் 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 புள்ளிகள். அவற்றுள் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. புதிதாக வருகிறவர்கள் நிறத்தையும் நுரையையும் பற்றித்தான் நிறைய எழுதுவார்கள், கண்ணுக்குத் தெரிவதை எழுதுவது எளிது என்பதால். ஆனால் அந்த மூன்று புள்ளிகளின் எடை எவ்வளவு என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது.

வாய்க்கு வரும்போது, ஒரு மடக்கை நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் தொண்டையின் பின்வழியே மூக்கை அடையும் மணம்தான். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பகுதி பிரித்துக் காட்டும் பழைய படத்தை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவைகளையும் நாக்கின் எல்லாப் பகுதிகளும் உணரும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும் கசப்பு தாமதமாக வந்து நீண்ட நேரம் தங்கும் என்பதால், பியரைச் சுவைப்பவர்களுள் பெரும்பாலோர் ஒயின் சுவைப்பவர்களைப் போல உமிழாமல் ஒரு சிறு மடக்கையாவது விழுங்குகிறார்கள். ஐம்பது, அறுபது மில்லி இருந்தால் ஒரு பியரை முழுமையாக மதிப்பிட்டுவிடலாம். அதற்கு மேல் ஊற்றிக்கொள்கிறவர் நான்காவது குவளையில் எழுதும் குறிப்பை நான் நம்பமாட்டேன். அவர் அதன்பின் வண்டியோட்டவும் கூடாது.

இனி குறிப்பு எழுதும் முறைக்கு வருவோம். ‘நன்றாக இருக்கிறது’ என்பது உங்களைப் பற்றிய செய்தி; பியரைப் பற்றிய செய்தி அதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு மணத்துக்கும் மூன்று விவரங்களை எழுதப் பழகுங்கள்: அது எதைப் போன்றது, எவ்வளவு வலுவானது, எப்போது வந்து எப்போது போகிறது. என் பழைய குறிப்பேட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்: “முதல் முகர்தலில் வாழைப்பழம், நடுத்தர வலு, நன்கு கனிந்த பழம், காய்த்தன்மை இல்லை. பின்னால் கிராம்பு, மெல்லியது. வாயில் வரிசை தலைகீழ், கிராம்பு முந்துகிறது. ரொட்டி உள்மாவின் சுவை. கசப்பு மிகக் குறைவு. விழுங்கியபின் இனிப்பு தங்கவில்லை, வாய் உலர்ந்து முடிகிறது.” மொழிநடை என்று பார்த்தால் இதில் எதுவுமில்லை, ஆனால் அந்தப் பியரை மறுபடி குடிக்காமலேயே இன்றும் என்னால் அதை அடையாளம் காண முடியும்.

அந்தக் குறிப்பின் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நல்ல வைஸ்பியருக்கு உடல் உண்டு, பஞ்சுபோன்ற மென்மை உண்டு, ஆனால் கனம் தங்கக் கூடாது. ஆல்கஹால் பொதுவாக 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கசப்பு அலகு 8 முதல் 15 வரைதான். கசப்பின் தாங்கல் இவ்வளவு குறைவாக இருக்கும் பியரில் இனிப்பும் மிஞ்சிவிட்டால் இரண்டாவது குவளையை மனம் நாடாது. வாழைப்பழத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட இந்த முடிவின் உலர்வுக்குப் பலர் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: பெல்ஜிய விட்பியரும் பெர்லினர் வைஸவும் கோதுமை பியர்தான் என்கிறார்கள். ஒன்றில் கொத்தமல்லி மணம், மற்றொன்றில் கடும் புளிப்பு. இவற்றுள் எது அசல்?

பதில்: மூன்றும் அசல்தான், மூன்றுக்கும் அளவுகோல் வேறு. ஜெர்மானிய விதிப்படி வைஸ்பியரில் குறைந்தது பாதி மால்ட் கோதுமையாக இருக்க வேண்டும், நொதிக்கும்போது மேலே திரளும் மேல்நொதி ஈஸ்ட்டும் வேண்டும். பெல்ஜிய விட்பியரில் முளைகட்டாத கோதுமைக்குப் பெரிய பங்கு உண்டு. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கப்படுகின்றன. ஹூகார்டன் என்னும் ஊரின் சிறப்பாக இருந்த அந்த வகை 1950-களில் அங்கு முற்றிலும் நின்றுபோனது. பால் விற்பனை செய்துவந்த பியேர் செலிஸ் என்பவர் 1966-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். இன்று உலகெங்கும் காய்ச்சப்படும் விட்பியர் அனைத்தும் அந்த ஒரு மனிதரின் பிடிவாதத்துக்குக் கடன்பட்டவை. விட்பியரை மதிப்பிடும்போது மசாலா தனித்து நிற்கிறதா, கரைந்து நிற்கிறதா என்று பாருங்கள். ‘இதில் கொத்தமல்லி போட்டிருக்கிறார்கள்’ என்று முதல் மடக்கிலேயே சொல்ல முடிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

பெர்லினர் வைஸ 3 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் கொண்டது. லாக்டிக் அமில பாக்டீரியா தரும் புளிப்பே அதன் முதுகெலும்பு. அந்தப் புளிப்பைத் தணிக்க ராஸ்பெர்ரி அல்லது வால்ட்மைஸ்டர் மூலிகைச் சர்க்கரைப்பாகு சேர்த்துக் குடிக்கும் வழக்கமும் பெர்லினில் உண்டு. அதே புளிப்பு ஒரு ஹெஃபவைட்சனில் வந்தால் அது கெட்டுப்போனதன் அடையாளம். முதல் கேள்விக்கு எழுதிய பதிலை இங்கே மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்லியால் மட்டுமே பியர் காய்ச்ச வேண்டும் என்று பவேரியாவில் 1516-லேயே சட்டம் வந்ததே, பிறகு கோதுமை பியர் எப்படிப் பிழைத்தது?

பதில்: சலுகையால் பிழைத்தது. சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமையை ரொட்டிக்காகக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பார்கள். ஆனால் டேகன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பம் கோதுமை பியர் காய்ச்சும் தனியுரிமையைப் பெற்றிருந்தது. 1602-இல் அந்த வாரிசு அற்றுப்போனதும் உரிமை பவேரிய ஆட்சியாளர் முதலாம் மாக்சிமிலியனிடம் வந்துசேர்ந்தது. அதன்பின் கோதுமை பியர் நெடுங்காலம் அரச கருவூலத்தை நிரப்பும் தொழிலாக இருந்தது. தெளிந்த லாகர் பரவிய 19-ஆம் நூற்றாண்டில் இந்த வகை ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட வேளையில், 1872-இல் கியோர்க் ஷ்னைடர் காய்ச்சும் உரிமையை அரச குடும்பத்திடமிருந்து பெற்றார். அவர் பெயரிலான ஆலை இன்று கெல்ஹைம் நகரில் இயங்குகிறது.

கேள்வி: காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே, நான் வாங்கிய ஹெஃபவைட்சனில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை இருந்தது. இது எதனால்?

பதில்: ஆக்சிஜனால். பியர் வெப்பத்தில் கிடந்து முதிரும்போது வெளிப்படும் ஆல்டிஹைடு ஒன்றின் வாடை அது. பாட்டிலில் அச்சிட்ட தேதி, அது குளிரில் வைக்கப்பட்டதா, வெயிலில் நின்ற லாரியில் வந்ததா என்பதை அறியாது. அட்டை வாடை வருவதற்கு முன்பே வேறொன்று நடந்துவிடும்: வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் தேய்ந்துவிடும். ஆகவே குறையாக எதுவும் தெரியாமல், ஆனால் தட்டையாக, தேன் கலந்த தானியம் போல மட்டும் ஒரு ஹெஃபவைட்சன் இருந்தால், அது பழையது என்று ஐயப்படுங்கள். இந்த வகையைப் புதிதாக, குளிரில், பாட்டிலை நிமிர்த்தி வைத்து, விரைவில் குடித்துவிட வேண்டும்.

மற்றக் குறைகளுள் வெண்ணெய் மணமும், வேகவைத்த மக்காச்சோள மணமும் நொதித்தலிலோ காய்ச்சுதலிலோ நேர்ந்த பிழையைச் சொல்லும். வெளிச்சம் பட்டுக் கெட்ட பியரில் ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றம் வரும். பழுப்பு நிறப் பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும். இவை எந்தப் பியருக்கும் பொது. கோதுமை பியரில் தடுமாறவைக்கும் இடம் வேறு: குணமும் குற்றமும் இங்கே பக்கத்து வீடுகளில் குடியிருக்கின்றன. வாழைப்பழம் அளவு மீறினால் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் நெடி எட்டிப்பார்க்கும். கிராம்பு மணம் தருவது ஃபீனால் என்னும் சேர்ம வகையுள் ஒன்று. மருந்துக்கட்டின் வாடையும் எரிந்த பிளாஸ்டிக்கின் வாடையும் தருவனவும் ஃபீனால்களே, ஆனால் அவை குளோரின் கலந்த நீராலோ காட்டு ஈஸ்ட்டாலோ வருபவை. ‘காரமான மணம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் இந்த வேறுபாடு தாளில் பதியாது. கிராம்பா, புகையா, மருந்தா என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி: கோதுமை ஒவ்வாமை உள்ளவர் சுவைத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளுட்டன் இந்தப் பியரில் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: நானும் நண்பரும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்து குடித்தோம். எனக்குக் கிராம்பு வெகு தெளிவாகத் தெரிந்தது. அவரோ அப்படி ஒன்றும் இல்லை என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மணத்தையும் உணரத் தேவையான குறைந்தபட்ச அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலருடைய மூக்கு குறிப்பிட்ட ஒரு சேர்மத்தை மட்டும் அறவே உணராமலும் இருக்கலாம். எனக்கு வெண்ணெய் மணம் மற்றவர்களைவிடத் தாமதமாகவே தெரியும். அதனால் அந்தக் குறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது உடன் அமர்ந்திருப்பவரின் மூக்கை நான் கேட்காமல் விடுவதில்லை.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரே மாதிரியான மூன்று குவளைகளில், இரண்டில் உங்கள் ஹெஃபவைட்சனையும் ஒன்றில் கிராம்பு மணமே இல்லாத அமெரிக்க வகைக் கோதுமை பியரையும், நிறம் தெரியாதபடி மறைத்து, மூன்றாமவர் ஒருவரைக் கொண்டு ஊற்றவையுங்கள். தனித்து நிற்பது எது என்று நண்பர் மணத்தை மட்டும் வைத்துச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், குவளைகளின் வரிசையை மாற்றி ஆறு ஏழு முறையாவது செய்து பாருங்கள். பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார் என்றால், அவர் மூக்கு வேறுபாட்டை உணர்கிறது. அதற்குப் பெயர் வைக்கத்தான் பழகவில்லை. அப்படியானால் ஒரு கிராம்பை நசுக்கிச் சிறு கிண்ணத்தில் போட்டு அவரிடம் கொடுத்து, முதலில் அதையும் உடனே பியரையும் மாறி மாறி முகரச் சொல்லுங்கள்.